முன்பக்கத்தில் ஓர் இடம்

அப்பா இறந்த அன்று கோயில் வாசலில் கட்டிய பிளெக்ஸில் நான்கு வரி அச்சடித்திருந்தார்கள். கடின உழைப்பாளி. பூசைக்குத் தவறாதவர். சிறந்த குடும்பத் தலைவர். தேசத்துக்காகப் பதினேழு ஆண்டுகள் பணியாற்றிய ராணுவ வீரர்.

நான்கும் உண்மை. ஓர் எழுத்துகூட மிகையில்லை. அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொய் எழுதியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இவ்வளவும் தெரிந்துவைத்துக்கொண்டுதானே அந்த மனிதரை அப்படி நடத்தினார்கள்?

ஆரணியிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் எங்கள் ஊர். ஊர் என்று சொன்னாலும் அது இரண்டு ஊர். கோயிலைச் சுற்றி இருக்கும் தெருக்கள் ஒன்று. வாய்க்காலைத் தாண்டி நாங்கள் இருக்கும் தெரு இன்னொன்று. இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்கள்தான். ஒரே தொட்டியில் ஞானஸ்நானம், ஒரே பீடத்தில் நற்கருணை. சாதி மட்டும் வேறு. நாங்கள் தலித்துகள். கோயிலுக்குள் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். அதைக் கோயில் தெருக்காரர்கள் பெரிய தியாகம்போலச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் திருவிழாத் தேர் வாய்க்காலைத் தாண்டாது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. முன்பக்கம் அவர்களுக்கு, பின்பக்கம் எங்களுக்கு. முன்பக்கத்துக்கு ரோட்டிலிருந்தே இரும்பு கேட். பின்பக்கத்துக்கு வயல்வரப்பு வழியாகத்தான் போகவேண்டும்.

அப்பா பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். பாலம் போடும் பிரிவில் வேலை. பனிமலையில் ஒரு குளிர்காலம் முழுக்க நின்றதில் இடதுகாலில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஹவில்தாராகத் திரும்பி வந்தபோது முப்பத்தைந்து வயது. வந்ததும் ஆரணியில் ஓர் அரிசி மில்லில் பாய்லர் பார்க்கப் போனார். முப்பது வருஷம் அந்த நெருப்புக்கு முன்னால்தான் நின்றார். உமித்தூள் இருமல் கடைசிவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்து வேலை. அம்மா டவுனில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்குப் பட்டுநூல் சுற்றிக் கொடுப்பாள். அந்த நூல் கண்டுகளைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் மில்லுக்குப் போவார். அதற்கும் முன்னால் காலைப் பூசை. மழையானாலும் காய்ச்சலானாலும் பூசை.

திருவிழா வந்தால் தேர்ச் சக்கரத்தைக் கழற்றி, அச்சுக்குக் கிரீஸ் போட்டு, மாட்டுவது அவர் வேலை. கோயிலுக்கு அவர் கொடுத்த உழைப்பு அது. யாரும் கேட்காமலே போவார். கையெல்லாம் கருப்பாகத் திரும்பி வருவார். அந்தத் தேர் அன்று சாயங்காலம் வாய்க்கால் வரைக்கும் வந்து, எங்கள் தெருவைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்று, திரும்பிப் போகும். நாங்கள் மெழுகுவர்த்தியோடு வாய்க்கால் கரையில் நிற்போம்.

பன்னிரண்டு வயதில் அவரிடம் கேட்டேன். "தேரு ஏம்ப்பா நம்ம தெருவுக்கு வரமாட்டுது?"

"தெரு குறுகல்மா. சக்கரம் திரும்பாது."

நான் நம்பினேன். நம்பியதால் ஒரு காரியம் செய்தேன். தாம்புக்கயிற்றை எடுத்துப்போய் எங்கள் தெருவின் அகலத்தை அளந்து முடிச்சுப் போட்டேன். பிறகு தேர் போகும் தெருக்கள் ஒவ்வொன்றையும் அளந்தேன். அவற்றில் இரண்டு தெருக்கள் எங்களுடையதைவிடக் குறுகல். மில்லிலிருந்து வந்தவர் முன்னால் கயிற்றை நீட்டி, "பாருப்பா, நம்ம தெருதான் அகலம், ஃபாதர்கிட்ட சொல்லு" என்றேன். அப்பா என்னை அறைந்தார். வாழ்நாளில் அவர் என்மேல் கைவைத்தது அந்த ஒரே முறை. எதற்கு அடி வாங்கினேன் என்று எனக்கு ரொம்ப வருஷம் தெரியாது. தெரிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவருக்கு நான்கு வருஷம் முன்னால் அம்மா போனாள். ஐப்பசி மழை. கல்லறையின் பின்பக்கம் பள்ளம். ஏரி நிரம்பினால் அங்கேதான் ஊறும். குழி வெட்ட வெட்டத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பெட்டியை வரப்பில் வைத்துவிட்டு நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலம், காய்ந்த மண், பாதிக்கு மேல் காலி இடம். எழுபத்தேழு வயது அப்பா பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு குழிக்குள் இறங்கி, பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினார். ஊற்றினது திரும்ப உள்ளே வந்தது.

"முன்னாடி இடம் கேக்கலாம்ப்பா. இந்த ஒரு தடவை" என்றேன்.

"பேசாம இரு" என்றார் நிமிராமல். "உங்கம்மா காரியம் கலாட்டா இல்லாம முடியட்டும்."

பெட்டியை இறக்கியபோது அது மிதந்தது. நான்கு பேர் மேலே காலை வைத்து அழுத்திப் பிடிக்க, மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள். என் அம்மாவின் பெட்டிமேல் காலை வைத்து அழுத்தினார்கள்.

அப்பா போனது ஒரு தை மாதக் காலையில். பூசை முடிந்து கோயில் படியில் செருப்பு மாட்ட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்தது. சென்னையிலிருந்து தம்பி வந்து சேர்ந்தான். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு யாரோ சொல்ல, அவர்கள் மாலை, பியூகிள் சகிதம் வருகிறோம் என்றார்கள். ஆளும் கட்சிக்காரர் ஒருவரும் மலர்வளையம் வைக்க வருவதாகச் சேதி வந்தது. அதற்கப்புறம்தான் கோயில் கமிட்டித் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாய்க்காலைத் தாண்டி அவர் எங்கள் தெருவுக்குள் கால்வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

நாற்காலி போட்டோம். உட்காரவில்லை.

"டீச்சரம்மா, கமிட்டியில பேசிட்டோம். ஐயாவுக்கு முன்பக்கம் ஒரு இடம் குடுத்துடலாம்னு முடிவு. பட்டாளத்துக்காரங்க யூனிஃபார்ம்ல வர்றாங்க, போட்டோ எல்லாம் எடுப்பாங்க. அவங்கள வரப்புல நடக்கவுட்டா நல்லா இருக்காது பாருங்க."

தம்பி கைகூப்பிவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர். "ரொம்ப நன்றிங்கய்யா. அப்பாவுக்கு இந்த மரியாதை போதும்."

நான் கேட்டேன்: "எங்கம்மாவுக்கு?"

"அது முடிஞ்சுபோன விஷயம்மா."

"சரி. இனிமே எங்க தெருவுல யாரு போனாலும் முன்பக்கம்தானா?"

"அது எப்படிம்மா? இது ஸ்பெஷல் கேஸ். ஐயா மிலிட்டரி."

"அப்ப வேணாங்க."

"யோசிச்சு..."

"எங்கப்பா எங்கம்மா பக்கத்துல படுப்பாரு. போட்டோ எடுக்கறவங்க வரப்புல வந்து எடுக்கட்டும்."

அவர் போனதும் தம்பி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனான். "உனக்கு மூளை கலங்கிப்போச்சா? அவங்களே எறங்கி வந்துகினு இருக்காங்க. அப்பா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாரு தெரியுமா?"

"அம்மா பெட்டிய மிதிச்சப்ப நீயும் அங்கதாண்டா நின்ன."

"செத்தவங்களுக்கு எந்த மண்ணா இருந்தா இன்னாக்கா?"

"அப்ப பின்பக்கமே போதும்ல?"

அதோடு அவன் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

கோயிலில் அடக்கப் பூசை. பிரசங்கத்தில் பங்குச் சாமியார் அந்த பிளெக்ஸில் இருந்ததையே விரித்துச் சொன்னார். அப்பா எவ்வளவு தாழ்ச்சியானவர், ஒருநாளும் எதையும் கேட்டதில்லை, முகம் சுளித்ததில்லை என்று மூன்று முறை சொன்னார். கேட்காததுதான் அவருடைய பெரிய புண்ணியமாம். முடிவில் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லத் தம்பியைக் கூப்பிட்டார்கள். அவன் எழுவதற்குள் நான் போய் மைக்கைப் பிடித்தேன்.

திட்டம் எதுவும் போட்டு எழவில்லை. "எங்கப்பா தேருக்குச் சக்கரம் மாட்டினாரு. அந்தத் தேரு எங்க தெருவுக்கு வந்ததில்ல. இப்ப அவரை முன்பக்கம் பொதைக்க இடம் தர்றாங்களாம். பட்டாளத்துக்காரங்க முன்னாடி மானம் போகக்கூடாதுன்னு. எங்கம்மாவ தண்ணிக்குள்ள பொதைச்சப்ப அந்த இடம் எங்க போச்சு?" என்றேன். அதற்குள் மைக்கை ஆஃப் செய்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் அறுபது பிள்ளைகளுக்கு மேல் கத்திப் பாடம் நடத்திய தொண்டை இது. மைக் இல்லாமலே மீதியைச் சொன்னேன். சுவரை எடுக்கும்வரை விடமாட்டேன் என்றும் சொன்னேன். முன்வரிசையில் தொப்பியும் பதக்கமுமாக உட்கார்ந்திருந்த கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதுவரை எதுவும் தெரியாது.

அப்பாவைப் பின்பக்கம்தான் அடக்கம் செய்தோம். அந்தக் கிழவர்கள் பாலிஷ் போட்ட ஷூவோடு வரப்பில் வரிசையாக நடந்து வந்தார்கள். ஒருவர் கால் வழுக்கிச் சேற்றில் விழுந்து எழுந்தார். பியூகிள் ஊதி சல்யூட் அடித்தார்கள். ஆளும் கட்சிக்காரர் ரோட்டிலேயே மலர்வளையத்தைக் கொடுத்துவிட்டு ஜல்தியாகக் கிளம்பிப் போனார்.

அடுத்த மாதமே மனு எழுதினேன். சங்கத்தில் அப்பாவின் வயதுக்காரர் ஒருவர், சேற்றில் விழுந்தவர், கூடவே வந்தார். தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு டீ. அதிகாரி எங்கள் இரு பக்கத்தையும் பார்த்து, "ரெண்டு தரப்பும் அனுசரிச்சுப் போங்க" என்றார். யார் யாரை அனுசரிப்பது என்று நான் கேட்டேன். அப்போதுதான் கமிட்டித் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சார், இந்தம்மா சுவரு சுவருன்னு குதிக்கிறாங்க. அந்தச் சுவரைக் கட்டினதே இவங்கப்பாதான். கேட்டுப் பாருங்க."

அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவின் தங்கை. சேவூரில் மகனோடு இருக்கிறாள். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னது?"

"கட்டினாரா இல்லையா, அத சொல்லு."

"கட்டினான்." பிறகு சொன்னாள். "உங்கப்பன் பட்டாளத்துல இருந்து வந்த வருசம் எங்கப்பா செத்துட்டாரு. இவன் முன்பக்கம்தான் பொதைப்பேன்னு நின்னுட்டான். 'பதினேழு வருசம் எல்லார்கூடவும் ஒரே தட்டுல சாப்ட்டு, ஒரே கூடாரத்துல படுத்துகினு இருந்தேன். இங்க வந்து எங்கப்பன பள்ளத்துல போடுவனா?'ன்னான். அப்பல்லாம் சுவரு கெடையாது, ஒரு வரப்புதான். பொணத்த தூக்கிகினு முன்வாசல்ல போனாங்க. கல்லு வுட்டானுங்க. நம்ம தெருவுல ரெண்டு கூரை எரிஞ்சுது. பொணம் நடுரோட்டுல கெடந்துச்சு. அப்புறம் பின்னாடிதான் கொண்டுபோய்ப் போட்டோம்."

"சுவரு?"

"சாமியாரு கோயில பூட்டிட்டாரு. பூசை கெடையாது, ஞானஸ்நானம் கெடையாது. உங்கம்மா உன்ன சுமந்துகினு மாசமா இருந்தா. அதுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்து ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள போயிடுச்சு, உனக்குத் தெரியுமில்ல? இதுவும் அப்படியே போயிடுமோன்னு அவ ராத்திரியும் பகலும் பொலம்பல். அப்புறம் ராசி பேசினாங்க. கலாட்டாவ ஆரம்பிச்சவனே நடுவுல சுவரு கட்டணும், அப்பதான் கோயிலு தொறக்கும்னாங்க. கட்டினான். பதினோரு நாளு. ஒரு ஆள கூட சேத்துக்கல. தூக்குக்குண்டு வெச்சிப் பாத்துப் பாத்துக் கட்டினான். முடிச்ச வாரம் கோயிலு தொறந்தாங்க. நீ பொறந்து எட்டாம் நாளு ஞானஸ்நானம்."

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அரைமணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்பாமேல் வந்த கோபம் அதுவரை யார்மேலும் வந்ததில்லை. ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷம் நான் அந்தச் சுவரைத் திட்டும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து சோறு தின்றவர் ஏன் ஒருவார்த்தை சொல்லவில்லை? ஒருமுறை கேட்டவர்தான் அவர். கேட்டதற்கு இரண்டு வீடு எரிந்தது, தகப்பன் பிணம் ரோட்டில் கிடந்தது. கேட்ட கையாலேயே சுவர் வைக்கச் சொன்னார்கள். அதற்குப்பிறகு கேட்காததைத்தான் தாழ்ச்சி என்று பிரசங்கம் பண்ணினார்கள். ஒரு மனுஷனை முறித்துவிட்டு, முறிந்தது எவ்வளவு அழகு என்று மாலை போட்டார்கள். என்னை அறைந்த அந்தக் கை எனக்காக என்னத்தைச் சுமந்தது என்பதை எனக்குச் சொல்ல அவருக்கு என்ன வந்தது? சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன். சண்டை போடவாவது அவர் எனக்கு வேண்டியிருந்தது.

அடுத்த பேச்சுவார்த்தையில் நானே எழுந்து சொன்னேன். "ஆமாங்க, எங்கப்பாதான் கட்டினாரு. ஏன் கட்டினாருன்னும் இவங்களையே சொல்லச் சொல்லுங்க." கமிட்டித் தலைவர் செல்போனை எடுத்து நோண்டினார். சங்கத்துப் பெரியவர்தான் எழுந்து, கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் ராணுவத் தமிழில் விட்டு விளாசினார். அதிகாரி டீயை அப்படியே வைத்துவிட்டார். மேலும் இரண்டு மனு, மேலிடத்துக்கு ஒரு நடை, ஏழு மாதம். கடைசியில் உத்தரவு வந்தது. சுவரை முழுக்க எடுக்கச் சொல்லவில்லை. நடுவில் எட்டடிக்கு வழி விடவேண்டும், எந்தப் பக்கமும் யாரையும் அடக்கம் செய்யலாம்.

இடிக்க மூன்று பேர் கடப்பாறையோடு வந்தார்கள். ஒரு மணி நேர வேலை என்றுதான் வந்தார்கள். சாயங்காலம் ஆனது. ஒவ்வொரு கல்லும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒருவன் கையில் கொப்புளம். "எவன் கட்டுனான் இத? பேஜாரா கீதே" என்று கடப்பாறையைத் தூக்கி எறிந்தான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவன்மேல் எரிச்சலும் வந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

மார்கழி மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இறந்தாள். முன்வாசல் வழியாகத்தான் கொண்டுபோனோம். எட்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். மேட்டு நிலத்தில், காய்ந்த மண்ணில், அவளை இறக்கினோம். கல் எதுவும் விழவில்லை. கோயில் தெருவிலிருந்து ஓர் ஆளும் வரவில்லை. பிள்ளைகள்கூட ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அவர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு கல்லறை நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். செத்தபிறகும் எங்களோடு படுக்க முடியாதாம். தேர் இன்னும் வாய்க்காலைத் தாண்டவில்லை; அடுத்த மனு அதற்குத்தான், எழுதி வைத்திருக்கிறேன்.

தம்பி வருஷ நினைவுக்கு வந்தான். மாலை போட்டான், போனான். "இப்ப உனக்குத் திருப்திதானே?" என்று அவன் மனைவியிடம் சொல்லி அனுப்பினான். இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இவ்வளவு நடந்தபிறகும் எதற்குக் கோயிலுக்குப் போகிறாய் என்று பள்ளியில் கேட்கிறார்கள். வேறு சபைக்கு மாறிவிடேன் என்கிறார்கள். மாறமாட்டேன். என் ஞானஸ்நானத்துக்கு அந்தக் கோயில் வாங்கிக்கொண்டது போதாதா, நான் வேறு எழுந்துபோய் அவர்களுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கவேண்டுமா? ஞாயிறு தவறாமல் போகிறேன். கமிட்டித் தலைவர் எந்த பெஞ்சில் உட்காருகிறார் என்று பார்த்து, அதற்கு நேர் பின்னால் உட்காருகிறேன். பூசையின் நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்வார். கமிட்டித் தலைவர் வலப்பக்கம் சொல்வார், இடப்பக்கம் சொல்வார், முன்னால் சொல்வார். பிறகு திரும்பித்தான் ஆகவேண்டும். நான் கைகூப்பி, கண்ணை எடுக்காமல், அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்வரை காத்திருப்பேன்.